வேப்பிலை கட்டிய பள்ளிக்கூடம்

அன்புள்ள தம்பி செல்வராசுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் மகள் சுகந்தி நர்சிங் முடித்துத் திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சேர்ந்த முதல் வாரமே தலைமை டாக்டர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். அவள் தம்பி பாலுவைப் பெரம்பலூரில் பாலிடெக்னிக் முடித்த கையோடு சிமெண்டு ஆலையில் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே கொடுத்த மஞ்சள் தொப்பியைப் பஸ் ஸ்டாப்பில் இருந்து வீடு வரைக்கும் தலையில் மாட்டிக்கொண்டே நடந்து வந்தான். தெருவே நின்று பார்த்தது. உன் தங்கை மலரின் மகன் அருள் செந்துறை ஹைஸ்கூலில் எட்டாவது. ஓட்டப் பந்தயத்தில் தாலுக்காவுக்கே முதலாவதாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறான். உன் மகள் நிவேதா பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதாக நீ எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை மூன்று வீட்டில் வாசித்துக் காட்டிவிட்டேன். மிச்சம் இருப்பது மலரின் இளையவள் தேன்மொழி. அவளைப் பற்றி என்ன எழுதுவது என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது படிக்கிறாள். வருகிற ஜூனில் ஆறாவதுக்குச் செந்துறை போக வேண்டும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

அதே கடிதத்தில் உன் சேதியையும் எழுதியிருந்தாய். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வாசிக்க வருகிறது, எத்தனை பேருக்குக் கணக்கு வருகிறது என்று உங்கள் ஆபீஸ் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கை அடுத்த மாதம் டெல்லியில் பெரிய அதிகாரிகள் முன்னால் நீயே எழுந்து நின்று சொல்லப் போகிறாய் என்று. வேறு சமயமாக இருந்தால் அந்தச் சேதியோடு நான் ஊரையே சுற்றி வந்திருப்பேன். இந்தத் தடவை எழுந்து வாசல்வரைக்கும்கூடப் போகவில்லை. அந்தக் கணக்கு பொய், தம்பி. அதில் பாதிப் பொய் என்னுடையது, பாதி உன்னுடையது. நீ டெல்லிக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம், ஆனால் பஸ் ஸ்டாப் பூத்தில் நின்று நான் பேசினால் நாலு பேர் காது கொடுப்பார்கள், நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது.

என் பாதியை முதலில் சொல்கிறேன். சென்ற வருடம் மாசி மாதம் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தபால் வந்தது. வெளியில் இருந்து இரண்டு பேர் வருவார்கள், பிள்ளைகளை வாசிக்கச் சொல்லியும் கணக்குப் போடச் சொல்லியும் பார்ப்பார்கள், ஒத்துழைக்க வேண்டும் என்று. வாத்தியார் அதை எடுத்துக்கொண்டு கல்விக் குழுவைக் கூட்டினார். அந்தக் குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு. ஐந்தாவது வரை படித்த பொம்பளை என் வயதில் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்பதால் கொடுத்த இடம். நம் பள்ளிக்கூடத்தின் நிலைமை உனக்கே தெரியும். இரண்டு வாத்தியார் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான். ஐந்து வகுப்புக்கும் அவரே. ஓட்டர் லிஸ்டு எடுக்கப் போவதும் அவரே, சத்துணவு முட்டைக்குக் கணக்கு எழுதுவதும் அவரே, ஒன்றியத்தில் மீட்டிங் என்றால் பூட்டிவிட்டுப் போவதும் அவரே. பிள்ளைகள் பாடத்தை ஒன்றாகச் சேர்ந்து கத்துவார்கள். அந்தச் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் நம் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் தபாலை வாசித்து முடித்ததும் வார்டு மெம்பர் ரெங்கசாமி ஆரம்பித்தான். "சார், நம்ம புள்ளைக ஒழுங்கா வாசிக்கலன்னு எழுதிட்டுப் போயிட்டாங்கன்னு வச்சுக்கங்க, இந்தப் பள்ளிக்கூடமே தேவையில்லன்னு மூடிட்டு, பக்கத்து ஊரோட சேத்துவுட்ருவாங்க. அப்பறம் சின்னப் புள்ளைகல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி போற ரோட்டத் தாண்டித்தான் போவணும்." அது எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது. வாத்தியாருக்கு அவர் பயம். "அன்னைக்கிப் பூட்டிப் போட்டா?" என்றான் ஒருவன். "ஏன் பூட்டுனீங்கன்னு கேக்க மாட்டாங்களா?" என்றான் இன்னொருவன். அப்போது நான் சொன்னேன், தம்பி. நான்தான் சொன்னேன். "கேட்டுல வேப்பில கட்டிடுங்க. அம்மை போட்டிருக்குன்னு சொன்னா எவனும் உள்ள கால வைக்க மாட்டான்." ரெங்கசாமி சிரித்தான் பார், "சின்னம்மா, அஞ்சாவதுக்கே உங்களுக்கு இம்புட்டு மூளன்னா, பத்தாவது படிச்சிருந்தீங்கன்னா கலெக்டர் ஆபீசே காலி" என்று. எனக்கு அது பெருமையாக இருந்தது. அதை மறைப்பதில் என்ன பயன்? அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சொன்ன நாளில் காலையிலேயே நான் போய் என் கையாலேயே வேப்பிலைக் கொத்தைக் கேட்டில் கட்டினேன். பிள்ளைகளை ஓடைக்கு அந்தப் பக்கம் முந்திரிக்காட்டுக்கு விரட்டிவிட்டோம். பத்து மணி பஸ்ஸில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்து இறங்கினார்கள். தோளில் கனமான பை, முகமெல்லாம் புழுதி. அந்தப் பெண் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "எந்தப் பிள்ளைக்குங்க பாட்டி? ரொம்ப முடியாம இருக்கா?" என்று கேட்டாள். "நாலஞ்சு புள்ளைகளுக்கும்மா" என்றேன். "அடுத்த வாரம் வந்தா பரவாயில்லீங்களா?" என்றாள். "மூணு தண்ணி ஊத்தி முடிக்கிற வரைக்கும் ஆகாதும்மா. அது எப்ப முடியும்னு ஆத்தாளுக்குத்தான் தெரியும்." இப்படி ஆத்தாளையும் இழுத்தேன். அவள் ஒரு ஃபாரத்தை எடுத்து எழுதினாள். வாத்தியார் சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நானும் போட்டேன், கைநாட்டு இல்லை, கையெழுத்து. அவர்களுக்கு மோர் கொடுத்து மரத்தடியில் உட்காரவைத்தேன். திரும்புகிற பஸ் வர நேரம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் தேன்மொழி வந்து சேர்ந்தாள். காட்டில் இருக்கப் பிடிக்காமல் ஓடி வந்திருக்கிறாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "அம்மாயி, இன்னைக்கி ஏன் லீவு? யாருக்கு அம்மாயி அம்மை?" என்று அந்தப் பெண் காதில் விழவே கேட்டாள். நான் அவளை முறைத்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "எத்தனாவது கண்ணு?" என்று கேட்டு, பையில் இருந்து ஒரு தாளை எடுத்து, "இத வாசி பாப்போம், சும்மாத்தான்" என்று நீட்டினாள். ஐந்தாறு வரிதான் இருக்கும், மேலே ஒரு ஆட்டுக்குட்டி படம். தேன்மொழி தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, ராகம் போட்டுக் கணீர் என்று வாசித்தாள். நான் எட்டிப் பார்த்தேன். அவள் வாசித்தது அந்தத் தாளில் இல்லை. அது அவள் புத்தகத்தில் ஆடு வருகிற பாடம். படத்தைப் பார்த்து மனப்பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை; தாளில் இருந்த ஒரு வார்த்தைகூட வரவும் இல்லை. முடித்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

அந்தப் பெண் தாளை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. "இத நான் எழுத முடியாதுங்க பாட்டி" என்றாள் மெதுவாக. "பள்ளிக்கூடம் பூட்டியிருக்கு." பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். நான் கேட்டில் இருந்த வேப்பிலையை அவிழ்க்கக்கூடத் தெம்பில்லாமல் வீட்டுக்கு வந்தேன். அன்று முதல் தேன்மொழிக்கு நானே சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறேன். அவள் எழுத்தைப் பார்ப்பதில்லை, என் வாயைப் பார்க்கிறாள். நான் ஒரு தரம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடுகிறாள். அவ்வளவு கெட்டிக்காரக் குழந்தைக்கு எழுத்தைக் காட்டித்தர எனக்குத் தெரியவில்லை. அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு அவளோடு உட்கார நேரமும் வேண்டும்.

இனி உன் பாதிக்கு வருகிறேன். இந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது உன் மாமா கேட்டார், "மாப்ள, சென்னையில ஏசி ரூமுல உக்காந்துகிட்டு எங்கூருப் புள்ளைக படிக்கிறத நீ எப்புடிய்யா கண்டுபுடிக்கிற?" என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். நீ எவ்வளவு அழகாகச் சொன்னாய். "மாமா, நூறு ஊருக்கும் போயிப் பாக்க முடியாதுல்ல. சீட்டுக் குலுக்கிப் பத்து ஊர எடுப்போம். ஒரு ஊரு பத்து ஊருக்குப் பேசும். அந்தப் பத்துல ரெண்டு பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்துச்சுன்னா மிச்சமிருக்கிற எட்டுதான் நூறுக்கும் பேசியாவணும். அதனால அந்த எட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் எடை ஏத்திடுவோம்." மாமா விடவில்லை. "பந்திக்கு வராதவன் எலச் சோத்தையும் வந்தவனே திங்கிறான்னு சொல்லு." எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். "கிட்டத்தட்ட அப்புடித்தான் மாமா. ஆனா கண்டவனும் திங்க முடியாது. கவர்மெண்டுப் பள்ளிக்கூடம் தனி, பிரைவேட் தனி, கிராமம் தனி, டவுனு தனின்னு கூறு பிரிச்சு வச்சிருப்போம். அந்தக் கூறுல வராதவனுக்கு அதே கூறுல வந்தவன்தான் பேசுவான்."

நான் கேட்டேன், நினைவிருக்கிறதா? "பூட்டிக் கெடந்தா ஏன் பூட்டிக் கெடந்துச்சுன்னு பாப்பீங்களா தம்பி?" நீ சொன்னாய், "பாப்போம்மா. ஃபாரத்துல அதுக்கு ஒரு கட்டம் இருக்கு. எங்களுக்கு வேணாம்னு மறுத்த பள்ளிக்கூடம்னாத்தான் யோசிக்கணும். நோயி, திருவிழா, சாவுன்னா கவல இல்ல. இந்தப் பக்கம் எங்கியோ ஒரு ஊருல அம்மை போட்டு மூடியிருந்தாங்களாம். அம்மை போட்டதுக்கும் புள்ளைக வாசிக்கிறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" எந்த ஊர் என்று கேட்டேன். "பேரு வராதும்மா, நம்பருதான் வரும்" என்றாய். என் கையில் இருந்த மொச்சைக்காய் அப்படியே நின்றுவிட்டது. அந்த நம்பர் நாம்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உன் மாமா இருந்தார், மருமகள் இருந்தாள், உன் முகத்தில் அத்தனை சந்தோஷம் இருந்தது. விழுங்கிவிட்டேன். வேப்பிலை கட்டியதைவிடப் பெரிய தப்பு அதுதான். என் அவமானத்தைக் காப்பாற்றிக்கொண்டு உன்னைப் பொய்க் கணக்கோடு ஊருக்கு அனுப்பினேன்.

ஆனால் உனக்கும் ஒன்று கேட்கிறேன். உன்னை எந்த ஊரில் பெற்றேன்? இந்தப் பக்கத்து ஊர்களில் எதற்கெல்லாம் அம்மை என்பார்கள், எதற்கெல்லாம் காப்பு கட்டியிருக்கிறது என்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? கடன்காரன் வந்தால் அம்மை, போலீஸ் வந்தால் அம்மை, பிடிக்காத இடத்தில் இருந்து பெண் பார்க்க வந்தால் அம்மை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நீ. படித்து முடித்ததும் ஃபாரத்தில் எழுதியிருந்தால் அது நோய்தான் என்று நம்புகிறாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. படிப்பு உனக்கு ஊரைக் கழற்றி வைக்கவா சொல்லிக்கொடுத்தது?

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். நீ நாலாவது படிக்கும்போது, ஓடைக்கு அந்தப்பக்கத்து ஊர் வாத்தியார் ஒருநாள் சைக்கிளில் வந்தார். "நாளைக்கி எங்க ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வர்றாரும்மா. உங்க பையனை ஒருநா மட்டும் அனுப்புங்க" என்றார். ஆள் குறைந்தால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைக் கொண்டுபோய் உட்காரவைப்பது அப்போது எல்லா ஊரிலும் நடந்ததுதான். உன்னை அவர் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். காசிநாதன் என்று கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்று எழுந்திருக்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாராம். நீ எழுந்தாய், ஒரு பக்கம் முழுக்கத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்தாய், இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார், கடலை மிட்டாயோடு வீடு வந்தாய். நான் உன்னைத் தூக்கிச் சுற்றினேன். தெருவெல்லாம் சொன்னேன், "எம்மவன் வாசிச்சதுல இன்னொரு ஊரு வாத்தியாருக்கே மானம் தப்பிச்சுது" என்று. அந்தக் காசிநாதன் யார் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ வாசித்த நேரத்தில் அவன் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். அவன் நன்றாக வாசிக்கிறான் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனார். பிறகு அவனுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க யார் மெனக்கெடுவார்கள்? இப்போது அவன் லாரியில் சிமெண்டு மூட்டை ஏற்றுகிறான். கரண்டு ஆபீஸில் இருந்து ஒரு காகிதம் வந்தால் ஓடை தாண்டி என்னிடம் வருகிறான், "சின்னம்மா, இதுல என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று. அந்த வாத்தியார் ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்குச் செய்ததை நீ கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செய்கிறாய். அவருக்காவது தான் செய்வது தப்பு என்று தெரிந்திருந்தது.

நீ ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருக்கும். நம் வாத்தியார் ஒன்றியத்து மீட்டிங்குக்குப் போய்விட்டு வந்தார். வாசிக்க வராத பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு டீச்சர் போடப் போகிறார்கள் என்று ஒன்றியத்தில் சொன்னதை நம்பி நாங்கள் எழுதிக் கேட்டிருந்தோம். தேன்மொழிக்கு ஆறாவது போகிற முன்னாடி அந்த டீச்சர் வந்துவிட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். வாத்தியார் வந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் சொன்னார், "நமக்குக் கெடையாதுன்னுட்டாங்கம்மா. கணக்கெடுத்ததுல நம்ம ஒன்றியத்துப் புள்ளைக பரவாயில்லாம வாசிக்கிறாங்கன்னு வந்திருக்காம். டீச்சரெல்லாம் வேற ஒன்றியத்துக்குப் போறாங்க." நான் கேட்டேன், "யாரு சார் வாசிச்சா? நம்ம பள்ளிக்கூடந்தான் அன்னைக்கிப் பூட்டியிருந்துச்சே?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "நமக்கும் சேத்து வேற ஊருப் புள்ளைக வாசிச்சிருக்காங்கம்மா."

அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத எனக்குத் தெரிந்த எழுத்து போதாது. நாங்கள் பயந்து கதவைச் சாத்தினோம், சரி. சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல், பக்கத்து ஊர்க் கதவு திறந்திருக்கிறது, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தேன்மொழி ஒப்பித்ததை எழுத முடியாது என்றாள் அந்தப் பெண். ஆனால் இன்னொரு ஊர்ப் பிள்ளை வாசித்ததைத் தேன்மொழி வாசித்ததாக எழுத உங்களால் முடிந்திருக்கிறது.

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலும் சந்தையிலும் வெளியூர்ப் பொம்பளைகளிடம் கேட்டுக்கொண்டே வந்தேன், "போன வருசம் மாசியில உங்கூருப் பள்ளிக்கூடத்துக்குப் பரீச்ச வைக்க ஆளு வந்தாங்களா, தொறந்திருந்துச்சா?" என்று. ஒருத்தி சிரித்தாள். "வந்தாங்க அக்கா. கோயிலுக்குக் காப்பு கட்டியிருக்கு, வெளியாளு வரக் கூடாதுன்னு வாத்தியாரு எழுதிக் குடுத்துட்டாரு. நாங்க காப்பு கட்டுனதே அடுத்த மாசந்தான்." இன்னொருத்தி சொன்னாள், "எங்கூருல சாவு வுழுந்துடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. செத்தது யாருன்னு இன்னவரைக்கும் எங்களுக்கே தெரியல." இரண்டு ஊரிலும் வாத்தியார் எத்தனை பேர் என்று கேட்டேன். ஒருவர்தான். தைரியமாகத் திறந்து வைத்திருந்த ஒரு ஊர்க்காரியும் அகப்பட்டாள். அங்கே வாத்தியார் நாலு பேராம். ஆக, அம்மை, காப்பு, சாவு. உன் ஃபாரத்தில் மூன்றும் கவலைப்பட வேண்டாத கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த மூன்றுக்கும் நாலு வாத்தியார் இருக்கிற பள்ளிக்கூடம் பேசியிருக்கும். ஏனென்றால் ஒற்றை வாத்தியாரோ நாலு வாத்தியாரோ, உன் கூறில் இரண்டும் கவர்மெண்டு, இரண்டும் கிராமம்.

நம் தெரு முத்தம்மாளை உனக்குத் தெரியும். முந்திரிக்கொட்டை எடுக்க வியாபாரி வரும்போது எல்லோரும் மூட்டையைப் பிரித்துக் காட்டுவார்கள். அவர் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, நாலு கொட்டையை வெட்டிப் பார்ப்பார். முத்தம்மா மட்டும் ஒரு வருடம் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இடுப்பு வலி, எழுந்திருக்க முடியவில்லை என்றாள். அதற்காக அந்த வியாபாரி, "பக்கத்து மூட்டை நல்லா இருக்கு, அதனால இதுவும் நல்லா இருக்கும்" என்று எடுத்துக்கொண்டாரா? "ஆயா, நீ உக்காந்திருக்கிற தினுசுலயே தெரியுது. எறங்கு கீழ" என்றார். அவர் மூன்றாவதுகூடப் படித்தவர் இல்லை. ஒருத்தி மூட்டையைக் காட்டவில்லை என்றால் காட்டாததிலேயே ஒரு சேதி இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கும் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் நானும் மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தவள்தான். இவ்வளவு படித்த உனக்கு அது தெரியவில்லை என்றால் உன் படிப்புக்காக நான் பட்ட பெருமையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கோபத்தில் எழுதுகிறேன் என்று தள்ளிவிடாதே. உன் வேலையில் எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனாலும் சொல்கிறேன். பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்துக்கு இன்னொன்று பேசித்தான் ஆக வேண்டும் என்றால், ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடம் பேசட்டும். எங்கே எத்தனை வாத்தியார் என்பது ஒன்றிய ஆபீஸில் எழுதியே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கூறு பிரிக்க எத்தனை நாள் ஆகும் உனக்கு? அதுவும் போதாது. பூட்டிக் கிடந்ததில் நாலைந்துக்காவது திரும்பவும் ஆள் அனுப்பு. இந்தத் தடவை தபால் போடாமல் அனுப்பு. போகிறவர்கள் மூடிய காரணத்தை வாத்தியாரிடம் கேட்க வேண்டாம். பஸ்ஸில் ஏறுகிற பொம்பளைகளிடம் கேட்கட்டும். அதற்கெல்லாம் நேரமில்லை என்றால், டெல்லியில் எழுந்து நின்று, "இத்தனை பள்ளிக்கூடத்துக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை, அவற்றைப் பற்றி எங்களுக்குத் தெரியாது" என்றாவது சொல். தெரியாது என்று சொல்வதில் கேவலம் ஒன்றும் இல்லை, தம்பி. நான் அன்றைக்கே ரெங்கசாமியிடம், "நம்ம புள்ளைகளுக்கு வாசிக்க வருதா வரலையான்னு எனக்குத் தெரியாது, வந்து பாக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் தேன்மொழிக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாவிளக்குப் போட்டு, "உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன் தாயே" என்று வாய்விட்டுச் சொல்லிக் கும்பிட்டேன். அதற்குப் பிறகு வாத்தியாரிடம் போனேன். அம்மை என்று சொன்னது பொய், வேப்பிலை கட்டியது நான், பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்ற பயத்தில் மூடினோம் என்று எழுதி என் மகன் ஆபீஸுக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். "அம்மா, எனக்கு மெமோ வரும்மா. இன்னும் ரெண்டு வருசந்தாம்மா சர்வீஸு" என்றார். "உங்க பேர நான் எழுதல சார். யோசன சொன்னது நானு, கட்டுனதும் நானு. எது வந்தாலும் எனக்கு வரட்டும்" என்றேன். மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, புத்தகத்தில் இல்லாத வரிகளைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று ஒரு தாளில் பேர் பேராக எழுதி, கீழே தன் கையெழுத்தும் போட்டு, பள்ளிக்கூடத்து சீலும் வைத்திருந்தார். "எம்பேரும் இருக்கட்டும்மா" என்றார். இவ்வளவு நாள் அந்த மனுஷன்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் எனக்குப் போய்விட்டது. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உன் அண்ணன் சாப்பிடாமல் எழுந்துபோய்விட்டான். நீயும் நிதானமாகப் பார். நம்பர் இல்லை, எல்லாம் பேர்கள். பாதிப் பேர் உனக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள்.

ரெங்கசாமிக்குச் சேதி எட்டிவிட்டது. "சின்னம்மா, பெத்த மவனோட வேலைக்கே வேட்டு வைக்கிறீங்களா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்டான். என் மகன் வேலைக்கு இது வேட்டு என்றால் அந்த வேலை எதற்கு என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பவும் ஒரு தரம் வாசித்தேன். உன் பெரிய ஆபீஸர் இதைப் பார்த்துவிட்டு உன்னை என்ன சொல்வாரோ, டெல்லிக்கு வேறு ஆளை அனுப்புவாரோ என்று எனக்கும் பயம் இருக்கிறது. ஆனாலும் இதை ஒளித்துவைக்காதே. ஆபீஸில் எல்லோரும் படிக்கட்டும். என் எழுத்து பெரிது பெரிதாகத்தான் இருக்கும், கஷ்டமில்லாமல் படிக்கலாம்.

இன்னும் ஒரே ஒரு வேலை உனக்கு வைக்கிறேன். நிவேதாவும் தேன்மொழியும் ஒரே வயது. நிவேதாவை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடு. பின்பக்கத்தில் அவளையே பேனா பிடித்துத் தேன்மொழிக்கு நாலு வரி எழுதச் சொல். எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத நாலு வரியாக இருக்கட்டும். என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குச் சொல்லாதே. உறையில் என் பேர் வேண்டாம், தேன்மொழி பேரைப் போடு. தபால்காரர் அவள் கையிலேயே கொடுக்கட்டும். நான் வாசித்துக் காட்ட மாட்டேன். அவள் எத்தனை வரி வாசித்தாள் என்று உள்ளது உள்ளபடி உனக்கு எழுதுகிறேன். நீ ரயில் ஏறுவதற்குள் அந்தப் பதிலும் உன் கையில் இருக்க வேண்டும், அதனால் போட்டோவை இந்த வாரமே தபாலில் போடு.

உன் அம்மா